நீராழின்னு பேர் வைக்காத

ஏப்ரல் 6
வலியசாலை, திருவனந்தபுரம்

அஜிதாக்காவுக்கு,

வாட்ஸ்ஆப்ல உன்ன ப்ளாக் பண்ணினது பண்ணினதுதான். மெயில்ல வந்துட்டானே, தம்பி மனசு மாறிட்டான்னு நெனச்சுராத. மெயில்ல ப்ளாக் பண்றது எப்படின்னு நான் பாக்கல, அதான் இந்த வழி தொறந்து கெடக்கு.

விஷயத்துக்கு வாரேன். நேத்து காய்ச்சல் டீம் மாளவிகா டாக்டர் சொல்லித்தான் தெரியும். நம்ம ஊருல வந்த காய்ச்சலோட வைரஸ் புதுசாமே, ஒலகத்துல இதுவரைக்கும் யாரும் பாத்ததில்லையாமே. அதுக்குப் பேரு வைக்கிற வேல ஜெர்மனில இருக்கிற எங்க அக்கா கையிலயாம். அக்கா வைக்கப் போற பேரு 'நீராழி வைரஸ்'. டாக்டர் எனக்கு லட்டு குடுக்கிற மாதிரி சொன்னாங்க. நான் கையில இருந்த சாயாவ கீழ வெச்சுட்டேன்.

எக்கா, உனக்கு வேற பேரே கிடைக்கலையா?

நீ அங்கன கம்ப்யூட்டர்ல பாக்க. இங்கன என்ன நடக்குன்னு நான் சொல்லுதேன், கேட்டியா. போனக்காட்டுக்கு மேல நீராழின்னு ஒரு தேயிலை எஸ்டேட் இருக்குன்னு சிட்டில பாதி பேருக்குத் தெரியாது. இப்ப எல்லாருக்கும் தெரியும். நாச்சியாரக்கா மூக்குலயும் வாயிலயும் ரத்தம் வந்து செத்தாங்க. அவங்களுக்குத் தொடச்சு விட்ட நாத்தனார் பெறவு செத்தாங்க. தூக்கிட்டு ஓடின தாசையன் அண்ணன் சாகக் கெடந்து எந்திரிச்சாரு. உடனே பேப்பர்ல 'நீராழிக் காய்ச்சல்'னு கொட்டை எழுத்து.

நம்ம ஊரு சுப்பு, சிட்டில சாலை கம்போளத்துத் துணிக்கடைல நின்னால்லா? ஓனர் அவ ஆதார வாங்கிப் பாத்தான். கொஞ்ச நாள் கழிச்சு வா மோளேன்னுட்டான். பஸ்ல நம்ம ஸ்டாப்புல ஏறினா பக்கத்து சீட்டு தானா காலியாகுது. என் ரூம் ஓனர் லலிதாம்பாள் மாமி கதவ முக்கால்வாசி சாத்திட்டு இடுக்கு வழியா பேசுதா. "ஒன்ன ஒண்ணும் சொல்லலடா பிரஜின், ஆத்துல பெரியவா இருக்கா"ங்கா. அந்த ஆத்துல பெரியவாளே மாமி ஒருத்திதான்.

இதெல்லாம் பேப்பர்காரன் வெச்ச பேரால. பேப்பர் நாளைக்கு வட மடிக்கப் போயிரும். நீ வைக்கிற பேரு போகாது. புக்குல ஏறும். நாம செத்த பெறவும் நீராழின்னா ரத்த வாந்தின்னு எவனாவது படிச்சிட்டு இருப்பான்.

அத மாத்து. கட்டுரைய மே கடைசில அனுப்பணும்னு டாக்டர் சொன்னாங்க. டைம் இருக்கு.

பிரஜின்


ஏப்ரல் 8
மார்பர்க்

டேய் பிரஜி,

ஒரு வருஷம் கழிச்சு எழுதற, எப்படி இருக்கேன்னு ஒரு வரி இல்ல. நல்லா இருக்கேன். இங்க இன்னும் குளிருது. உன் லெட்டர நாலு தடவ படிச்சேன், அதுல ரெண்டு தடவ கோபத்துல.

நாச்சியாரக்கா ஸ்கூலுக்குப் போறப்ப எனக்கு ரெட்டை ஜடை பின்னி விட்டவங்க. அவங்க ரத்தம் எதுவும் இந்தியாவ விட்டு வெளிய வராது, அது அங்க லேப்லயே இருக்கும். அதுல இருந்த வைரஸோட மரபணு எழுத்து வரிசை மட்டும் எங்களுக்கு வந்துச்சு. நான் அத மத்ததோட ஒத்துப் பாக்கற ஆளு. எதோட சொந்தம், எவ்வளவு தூரத்துச் சொந்தம்னு சொல்றதுதான் என் வேலை. அத சொன்னாதான் எந்த மருந்த முயற்சி பண்ணலாம், எப்படி டெஸ்ட் பண்ணலாம்னு டாக்டருங்களுக்குப் பிடி கிடைக்கும். இது நைரோங்கற கூட்டத்தச் சேந்தது, ஆனா அதுல இருக்கற எதோடயும் ஒட்டல. தனி. பாத்து முடிச்சப்புறம்தான் கேஸ் விவரத்தத் தொறந்தேன். அதுல நம்ம ஊரு பேரு. எந்திரிச்சு வெளிய போய் படிக்கட்டுல நின்னேன்.

ஏன் அந்தப் பேருன்னு கேக்கறல்ல? எந்த ஊருன்னு யார் கேட்டாலும் ட்ரிவாண்ட்ரம்னு சொல்லிட்டு நகந்துருவேன். நீராழின்னா விளக்கணும். மேப்புல தேடினா எஸ்டேட்ட மூடிட்டுப் போன கம்பெனி பேருதான் வரும். மூணு தலைமுறையா அங்க கொழுந்து கிள்ளினவங்க பேரு எங்கயும் இல்ல. இப்ப மொதல் தடவையா ஒலகமே படிக்கற ஒரு எடத்துல அந்தப் பேரு வரப்போகுது, அதையும் நம்ம ஊருக்காரி ஒருத்தி எழுதப் போறா. எனக்குப் பெருமையா இருந்துச்சு. தப்பா?

வைரஸுக்கு அது மொதல்ல கிடைச்ச எடத்தோட பேர வைக்கறது பழைய வழக்கம். நைரோவே நைரோபில இருந்து வந்ததுதான். நான் இருக்கற இந்த ஊரு பேர்லயும் ஒண்ணு இருக்கு, மார்பர்க் வைரஸ். இருக்கறதுலயே மோசமானதுல ஒண்ணு. இந்த ஊரு அழிஞ்சா போச்சு? காலைல பேக்கரில க்யூ நிக்குது.

நம்ம ஊரும் தாங்கும்.

காலேஜுல உன் சீட்டு இன்னும் இருக்கா? கேட்டுப் பாரு.

அக்கா


ஏப்ரல் 12
நீராழி

எக்கா,

காலேஜ் பத்தி கேட்டா இந்த வழியையும் அடச்சுருவேன். மூணாம் வருஷத்துல எறங்கி வந்தேன், திரும்ப ஏற மாட்டேன். அன்னைக்குப் போன்ல நீ என்ன சொன்ன? "லயத்துலயே கெடந்து சாவு"ன்ன. நீ மறந்திருப்ப. அதே லயத்து வரிசை வீட்டுல ரெண்டு பேரு செத்தாச்சு. நான் சாகல. மாளவிகா டாக்டர் டீமுக்கு ஜீப் ஓட்டுதேன், உண்ணி பிடிக்கேன்.

சிரிக்காத, அது வேலைதான். பெரிய வெள்ளத் துணி ஒண்ண கம்புல கட்டி புல்லு மேல இழுத்துட்டே நடக்கணும். ஆடு போகுதுன்னு நெனச்சு உண்ணி துணில ஏறிக்கும். சின்னக் கொறட்டால எடுத்துக் குப்பில போட்டு லேபுக்கு அனுப்பணும். டீம் துணி முள்ளுல கிழிஞ்சு போச்சு, நான் அப்பாவோட கோயில் வேட்டிய எடுத்தேன். அப்பா தேடுதாரு. சொல்லிராத.

இப்ப உன் மார்பர்க்குக்கு வாரேன். கூகுள்ல பாத்தேன். மலை மேல கோட்டை இருக்கு. ஆறு இருக்கு. பழைய யுனிவர்சிட்டி இருக்கு. ஒருத்தன் மார்பர்க்னு சொன்னா இன்னொருத்தனுக்கு ஞாபகம் வர நூறு விஷயம் இருக்கு, அதுல ஒண்ணு வைரஸ். நைரோபி ஒரு நாட்டோட தலைநகரம். அதுக்கெல்லாம் தோளு பெருசு, எதத் தூக்கி வெச்சாலும் தாங்கும். நம்ம ஊருல மொத்தம் அறுவது வீடு, ஒரு மாதா சொரூபம், ஒரு மாடன் கோயில், பூட்டின ஃபேக்டரி ஒண்ணு. நீராழின்னு சொன்னா வேற என்ன ஞாபகம் வரும், சொல்லு? நீ வைக்கிறதுதான் வரும். அது மட்டும்தான் வரும்.

உனக்கு ஊரு மேல பெருமை இருக்குல்லா? எனக்கும் உண்டு. அந்தப் பெருமைலதான் சொல்லுதேன், நம்ம ஊரு பேர எடுத்து ஒரு கொலைகாரனுக்குக் குடுக்காத.

இன்னொண்ணு. மூணு வாரமா இழுத்தாச்சு, ஏழாம் நம்பர் காடு, ஆத்தோரம், லயத்துக்குப் பின்னாடி, எல்லாத்துலயும். ஏகப்பட்ட உண்ணி. ஒண்ணுலயும் அந்த வைரஸ் இல்லன்னு ரிப்போர்ட் வருது. டாக்டருக்குத் தூக்கம் இல்ல.

பிரஜின்


ஏப்ரல் 15
மார்பர்க்

பிரஜி,

அறுவது வீடுன்னு எழுதினியே, அது சரிதான். ஆனா எனக்கு மேல ஒரு புரொபசர் இருக்காங்க. அவங்ககிட்ட போய் என் தம்பி கோபப்படறான்னு சொல்ல முடியாது.

எப்படி நடக்கும்னு சொல்றேன், அப்பதான் நீ எதோட சண்டை போடறன்னு உனக்குத் தெரியும். வைரஸுக்குப் பேரு கண்டுபிடிச்சவங்க வைக்கலாம். நோய்க்குப் பேரு வைக்கறது ஒலக சுகாதார நிறுவனம். ஊரு பேரு, ஆளு பேரு, மிருகம், தொழில் எதுவும் நோய்ப் பேருல வேண்டாம்னு அவங்க சொல்லி வருஷமாச்சு. ஆனா வைரஸ் பேருல பழைய பழக்கம் இன்னும் போகல. கடைசியா ஒரு கமிட்டி அத ஒரு குடும்பத்துல உக்கார வெச்சு லத்தீன் மாதிரி ரெண்டு வார்த்தைல பேரு குடுக்கும். நாம வைக்கற பேரப் பாத்துதான் பெரும்பாலும் அதுவும் அமையும். ஆக, ஆரம்பம் என் கையில. என் கைக்கு ஒரு காரணம் வேணும்.

புரொபசர் கேட்டது ஒரே கேள்வி. நோயாளி எங்க இருந்தாங்க? நீராழி, அட்ரஸ் அப்படித்தான் இருக்குன்னேன். அப்ப அந்தப் பேருதான் நியாயம்னாங்க.

ஆனா நீ கடைசில எழுதினது எனக்கு இடிக்குது. உண்ணி கடிச்சுதான் இது வரும், இல்லன்னா நோயாளி ரத்தம் பட்டு வரும். நாத்தனாருக்கும் தாசையன் அண்ணனுக்கும் ரத்தம் பட்டு வந்துச்சு, சரி. நாச்சியாரக்காவுக்கு? உங்க காட்டுல ஒரு உண்ணிலயும் இல்லன்னா அவங்கள எது கடிச்சுது, எங்க கடிச்சுது? காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி அவங்க எங்க போயிருந்தாங்கன்னு யாராவது கேட்டாங்களா? அவங்க வீட்டுக்காரரு நயினார் அண்ணன்கிட்ட கேளு. மெல்லக் கேளு. உனக்கு மெல்லக் கேக்கத் தெரியாது, இருந்தாலும் கேளு.

அன்னைக்குப் போன்ல சொன்னத நான் மறக்கல.

அக்கா


ஏப்ரல் 28
நீராழி, பஸ் திரும்புற வளைவு. இங்கன மட்டும்தான் சிக்னல்

எக்கா,

மெல்லத்தான் கேட்டேன். நயினார் அண்ணன் மொதல்ல என்ன அடிக்க வந்தாரு. பெஞ்சாதி செத்து ரெண்டு மாசம் ஆகல, எந்தப் போலீசுக்குடா கேக்கன்னாரு. மறுநாள் அவரே ஜீப் பக்கத்துல வந்து நின்னாரு.

நாச்சியாரக்கா நீராழிலயே இல்ல. பொங்கல் முடிஞ்சு போனவங்க. மலைக்கு அந்தப் பக்கம் எவனோ ஒரு ரிசார்ட் கட்டுதான், அதுக்குக் காடு வெட்டித் தெளிக்கிற வேல. கான்ட்ராக்டர் போட்ட ஷெட்டுலயே தங்கல். அங்கன வெச்சே காய்ச்சல் வந்துருக்கு. கான்ட்ராக்டர் ஜீப்புல ஏத்திட்டு வந்து நம்ம கேட்டுல எறக்கி விட்டுட்டு போயிட்டான்.

ஆஸ்பத்திரில கேட்டப்ப, பெஞ்சாதி எப்பவும் லயத்துலதான் இருக்கான்னு அண்ணன் சொல்லிருக்காரு. ஏன்னு உனக்கே தெரியும், நீயும் இந்த ஊருதான. கம்பெனிய மூடினதுலருந்து வாட்ச்மேன் பாத்துட்டே இருக்கான். வீட்டுல ஆளு இல்லன்னு தெரிஞ்சா பூட்டு தொங்கிரும், வர வேண்டிய கிராஜுவிட்டியும் போச்சு, வீடும் போச்சு. அதனால விழிஞ்ஞத்துல கல்லு சுமக்கிறவனும், சிட்டி ஓட்டல்ல பாத்திரம் கழுவுறவனும், ரேஷன் கார்டு ஆதார் எல்லாம் நீராழி. யார் கேட்டாலும் "இங்கதான் இருக்கோம்". நானே வலியசாலைல இருந்துட்டு அப்படித்தான சொல்லுதேன்? அண்ணன் பொய் சொல்லணும்னு சொல்லல. பத்து வருஷமா சொல்லிச் சொல்லி வாயி தானா சொல்லிருக்கு. டாக்டரும் கார்டப் பாத்தாங்க, எழுதினாங்க. பேப்பர்காரன் அத எடுத்தான். நீ அத எடுத்த.

நம்ம ஊருல அந்த வைரஸே கிடையாது அக்கா. நாம பிடிச்சு வெச்சிருந்த அட்ரஸ்தான் நம்மள மாட்டி விட்டுது.

நான் உடனே டாக்டர்ட்ட சொன்னேன். அப்பாவோட வேட்டியோட அந்தப் பக்கம் போனோம். ஷெட்டுக்குப் பின்னாடி துணிய இழுத்த ஒடனே கருப்பா ஏறிச்சு. லேபுக்குப் போயிருக்கு.

அங்கன ஒரு காலனி இருக்கு. நம்ம அளவு கூட இல்ல, கொஞ்சம் வீடு. அவங்களும் கூலிக்காரங்கதான். நாங்க ஜீப்ப நிறுத்தினதும் ஒரு அம்மா எங்களுக்குக் கட்டஞ்சாயா போட்டுத் தந்தாங்க. நீராழின்னு சொன்னோம். அவங்க டம்ளர நகத்தல. அந்த எடத்தோட பேர இதுல எழுத மாட்டேன். டாக்டர் கையில குடுத்தாச்சு, மருந்தடிக்க, ஊசி போட, ஆளுங்களப் பாக்க. அதுக்கு வேணும். பேரு வைக்க வேண்டாம்.

சாயங்காலம் பெரட்டுக்களத்துல எல்லாரும் கூடினாங்க, முந்தி காலைல வேலைக்குப் பேரு கூப்பிடுவாங்கல்லா, அதே எடத்துல. நான் விஷயத்தச் சொன்னேன். ஒரே சந்தோசம். அப்ப அந்த ஊரு பேரையே வெக்கச் சொல்லு உங்க அக்காவ, நாளைக்கே பேப்பர்ல போடச் சொல்லுன்னு நாலு பேரு கெளம்பிட்டாங்க. எனக்கும் ஒரு நிமிசம் அதுதான் தோணிச்சு, உள்ளத சொல்லுதேன். நம்ம தலைல இருந்து எறங்கினாப் போதும்னு.

சுப்பு எந்திரிச்சா. அவளுக்குத்தான் வேல போச்சு, கத்த உரிமை இருக்குறவ அவதான். கத்தல.

"என்ன வெளிய போன்னு சொன்னவன் மூஞ்சி எனக்கு இப்பவும் தெரியுது. அந்த மூஞ்சிய இன்னொருத்தி பாக்கணும்னு நான் கை காட்ட மாட்டேன்."

நயினார் அண்ணன் துண்ட ஒதறி தோள்ல போட்டுட்டு, பாப்பா சொன்னதுதான் நம்ம ஊரு முடிவுன்னாரு. அவ்வளவுதான் கூட்டம். உனக்கு இது புரியுமான்னு தெரியல. எனக்கு எந்திரிச்சு நின்னு விசிலடிக்கணும் போல இருந்துச்சு.

கேட்ட காரணம் வந்தாச்சு. இனி உன் வேல.

பிரஜின்


மே 6
மார்பர்க்

பிரஜி,

நேத்து ரிசல்ட் வந்துச்சு. நீ இழுத்த துணில ஏறின உண்ணில அதே வைரஸ். நாச்சியாரக்கா ரத்தத்துல இருந்ததுக்கும் இதுக்கும் எழுத்துக்கு எழுத்து ஒட்டுது. நீங்க தேடி வெச்சத வெச்சுதான் ஜனங்களக் காப்பாத்தப் போறாங்க. அப்பாகிட்ட வேட்டி விஷயத்த நான் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ, பெருமை தாங்கல.

ஒண்ணு சொல்லணும். மார்பர்க் வைரஸ் மார்பர்க்குல பொறக்கல. அறுபதுகள்ல இங்க ஒரு மருந்துக் கம்பெனிக்கு உகாண்டால இருந்து குரங்கு கொண்டு வந்தாங்க. அதுல வேலை பாத்தவங்களுக்குத்தான் வந்துச்சு. வந்து சேந்த எடத்துல செத்தாங்க, அந்த எடத்தோட பேரு ஒட்டிக்கிச்சு. இத நான் முதல் வருஷமே படிச்சவ. பசங்களுக்கு க்ளாஸ்ல சொல்லியும் குடுக்கறேன். நம்ம ஊருக்கும் அதேதான் நடக்குதுன்னு என் மண்டைல ஏறல பாரு. கேட்டுல எறக்கி விட்ட எடத்துக்குப் பேரு.

புரொபசர்கிட்ட போனேன். எல்லாம் சொன்னேன், ரேஷன் கார்டு வரைக்கும். பூட்டு தொங்கற கதை புரியறதுக்கு அவங்களுக்கு அரை மணி நேரம் ஆச்சு. அப்ப அந்த இன்னொரு எடத்தோட பேர வைக்கலாமான்னு கேட்டாங்க. சுப்பு சொன்னத ஜெர்மன்ல சொன்னேன். என் ஜெர்மன் அவ்வளவு நல்லா இல்ல, ஆனா அது போய்ச் சேந்துச்சு. வேற பேரு கொண்டு வா, நல்லதா கொண்டு வான்னாங்க.

அமெரிக்கால ஒரு தடவ இப்படித்தான் எந்த ஊரு பேர வெச்சாலும் அந்த ஊரு ஜனங்க வேண்டாம்னாங்க. கடைசில ஸ்பானிஷ்ல 'பேரில்லாதது'ன்னே பேரு வெச்சுட்டாங்க. எங்க லேப்ல ஒருத்தன் அதே மாதிரி எதாவது வைன்னான். எனக்குப் பிடிக்கல. பேரில்லாம இருந்தது நமக்குப் போதும்.

ஊரு இல்ல, ஆளு இல்ல, மிருகம் இல்ல, தொழில் இல்ல. வாயில நொழையணும், ரெண்டு மூணு அசைல முடியணும். யோசி. காலேஜ் பத்தி இந்த மெயில்ல ஒரு வார்த்தை இல்ல, கவனிச்சியா?

அக்கா


மே 11
நீராழி

எக்கா,

கவனிச்சேன். கடைசி வரில எழுதிட்ட.

அப்பா வேட்டியக் கேக்கல. கொறட்டக் கேட்டாரு. இப்ப துணியோட ஒரு முனை அவரு கையில. டாக்டர் அவர 'சற்குணம் சார்'ங்காங்க, அதுல ரெண்டு இஞ்சு வளந்துட்டாரு.

நீ கொடுத்த ரூல்ஸ பெரட்டுக்களத்துல படிச்சேன். தாசையன் அண்ணன் சாகக் கெடந்து எந்திரிச்ச ஆளுல்லா, அதனால மொத சான்ஸ் அவருக்குன்னோம். கிராஜுவிட்டி தராம ஓடின மேனேஜர் பேர வையின்னாரு. கூட்டம் மொத்தமும் கை தட்டிச்சு. ஆளு பேரு கூடாதுன்னேன். அவன் ஆளே இல்லன்னாரு. ஓட்டெடுத்தா அதுதான் ஜெயிச்சிருக்கும்.

ஒருத்தரு நாச்சியார் பேர வைக்கலாமேன்னாரு. நயினார் அண்ணன் தலைய மட்டும் ஆட்டினாரு. வேண்டாம்னு. அதோட விட்டாச்சு.

கோடைன்னு ஒரு பேரு வந்துச்சு. கொடைக்கானல்காரன் லாரில ஆளோட வருவான்னேன். பெறவு நான் சொன்னதுதான் இது. வெயில் காஞ்சு சருகு விழுந்தா உண்ணி பெருகுது, மழ எறங்கினா அடங்குது. அது வார காலத்தத்தான் நாம வேனல்ங்கோம், மலையாளத்துலயும் வேனல்தான். எந்த ஊருக்கும் சொந்தமில்ல, எல்லா ஊருக்கும் வரும். பேரக் கேட்டாலே எப்ப உஷாரா இருக்கணும்னு தெரியும். யாரும் யாரையும் பாத்து வேனல்காரான்னு சொல்ல முடியாது.

வேனல் வைரஸ். எப்படி? சுப்பு ஓகே சொல்லிட்டா. அவ ஓகே சொன்னா ஊரு ஓகே.

பிரஜின்


மே 30
மார்பர்க்

பிரஜி,

அனுப்பியாச்சு. வேனல் வைரஸ்.

புரொபசருக்குச் சொல்ல வருது. இங்கிலீஷ்ல கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு வார்த்தைக்கு லஞ்சம் வாங்கறவன்னு அர்த்தமாம், சிரிச்சாங்க. எங்க கான்ட்ராக்டருக்குப் பொருந்தும்னு சொன்னேன். பருவத்தச் சொல்ற பேர அந்த வழிகாட்டுதல்லயே அனுமதிச்சிருக்காங்க, அதனால நோய்க்கும் அதுவே வந்துரும்னு நம்பறேன். குடும்பம் நைரோ, அதுல தனி இனம். கமிட்டி பாத்து முடிக்க நாளாகும். நோயாளி இருந்த எடம்ங்கற வரில ஊரு பேரு இல்ல, மாவட்டம் மட்டும்தான். உண்ணி கிடைச்ச எடம் மாளவிகா டாக்டர்கிட்டயும் சுகாதாரத் துறைகிட்டயும் இருக்கு.

இன்னொரு விஷயம், இத நான் உன்கிட்ட கேக்காம செஞ்சேன்.

இங்க எல்லாருக்கும் குடும்பப் பேருன்னு ஒண்ணு வேணும். விசாவுல அப்பா பேரு சற்குணம் அப்படி ஏறிச்சு. இதுவரைக்கும் நான் எழுதின எல்லாத்துலயும் அஜிதா சற்குணம். இந்தக் கட்டுரைல மாத்திட்டேன். அஜிதா நீராழி. நம்ம பக்கம் ஊரு பேர, வீட்டுப் பேர முன்னாடி பின்னாடி போடறது எல்லாரும் செய்யறதுதான, நான்தான் இத்தனை நாள் போடல. யார் இதக் கண்டுபிடிச்சாங்கன்னு பாக்கறவன் அந்தப் பேரப் பாக்கட்டும். நோயோட பேருல இல்ல, நோயப் பிடிச்சவ பேருல.

துணி இழுத்தவங்க பேரு கட்டுரைல வரணும்னு மாளவிகா டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க. நன்றி சொல்ற எடத்துல இல்ல, எழுதினவங்க வரிசைல. ஆறாவதா இருக்க. பிரஜின் நீராழி. அப்பா பேரு நன்றில வருது, வேட்டியோட இல்ல, கவலப்படாத.

வேண்டாம்னா இந்த வாரமே சொல்லு, எடுத்தர்றேன். நீ சொல்லாம நான் நம்ம ஊரு பேர எங்கயும் வைக்க மாட்டேன்.

அஜிதா


ஜூன் 2
நீராழி

எக்கா,

எடுக்காத.

அப்பாட்ட காட்டினேன். என் பேரு எங்கலே போச்சுன்னாரு மொதல்ல. கீழ நன்றில இருக்குன்னேன். கண்ணாடி போட்டு ரெண்டையும் பாத்தாரு. "நான் ஒரு ஆளு, அது அறுவது வீடு. புள்ள செஞ்சது செரிதான்"னுட்டு மழைல நனைய வெளிய போயிட்டாரு. மழ எறங்கிருச்சு இங்கன. புதுசா யாருக்கும் காய்ச்சல் இல்ல.

பிரஜின்


அக்டோபர் 19
விழிஞ்ஞம்

எக்கா,

கட்டுரை வந்த அன்னைக்கு டாக்டர் பிரிண்ட் எடுத்துக் குடுத்தாங்க. பெரட்டுக்களத்துல ஒட்டி வெச்சிருக்கு, மழைக்கு பிளாஸ்டிக் போட்டு. ஒரு எழுத்தும் யாருக்கும் புரியல. பேரு ரெண்ட மட்டும் எல்லாரும் விரல் வெச்சு பாத்துட்டு போறாங்க. அந்த எடம் மட்டும் அழுக்காயிட்டு. சுப்பு பழைய கடைக்குப் போகல. கூப்பிட்டான், போகலன்னுட்டா. பக்கத்துக் கடைல நிக்கா, கூடுதல் சம்பளத்துக்கு.

என்ன டீம்ல நிரந்தரமா எடுத்துருக்காங்க. விழிஞ்ஞம் பக்கம் எலி பிடிக்கிற வேல, அது வேற வைரஸ், வேற கதை. அதனால மாமி ரூம காலி பண்ணிட்டு இங்கன ரூம் பாத்தேன். போகும்போது மாமி கதவ முழுசாத் தொறந்தா. பேப்பர்ல வந்தது நீயாடான்னு கேட்டா. நானும் எங்க அக்காவும்னேன். புளியோதரை கட்டிக் குடுத்தா. வாங்கிட்டேன், நல்லா இருந்துச்சு, என்ன செய்ய.

புது ரூம் ஓனர் எந்த ஊருன்னான். சிட்டின்னு சொல்ல வாய் வந்துச்சு, அடக்கிட்டேன். நீராழின்னேன். அவன் முகம் மாறிச்சு, போன எடுத்துத் தட்டினான். நானும் எட்டிப் பாத்தேன். மேல அந்தப் பழைய பேப்பர்க்காரன் போட்ட நியூஸ் இன்னும் நிக்குது. அதுக்குக் கீழ நம்ம ரெண்டு பேரு பேரும்.

செரி, கீழதான் இருக்கோம். ஏறிக்கலாம்.

இதாராணு, யாரு இந்த ரெண்டாவது ஆளுன்னான். நான்தான்னேன். சாவியத் தந்துட்டான்.

வாட்ஸ்ஆப்ல ப்ளாக் எடுத்தாச்சு. நான் கூப்பிட மாட்டேன். நீ கூப்பிடு, எடுக்கேன்.

பிரஜின் நீராழி